பாட்டி போதாதா?

"குழந்தை வளர்ப்பதற்குமா கல்லூரி? பாட்டி போதாதா?" பல்கலைக்கழகத்தில் குழந்தை வளர்ச்சி என்றொரு பாடம் உண்டு என்றதும் எழும் ஏளனக் கேள்வி இது. படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் வேதனை!

பாட்டியின் அனுபவத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால், இரண்டு வயதாகியும் வாய் திறவாத பிள்ளையைப் பார்த்து, "இவன் அப்பனும் மெதுவாகத்தான் பேசினான்" என்று ஆறுதல் சொல்வாள் பாட்டி. "முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள்" என்று சொல்லும் படிப்பு. செவிக்குறையைக் காலத்தில் கண்டறியாவிட்டால் மொழி கற்கும் பருவம் கைநழுவிப் போகிறது. போனது திரும்புமா?

"அது பெண்கள் படிப்பு" என்று ஒதுக்குவோர் உண்டு. தம் மகனின் மழலைப் பருவத்தை உற்றுநோக்கி எழுதிய குறிப்புகளை 1877இல் வெளியிட்டவர் டார்வின். நத்தை போன்ற மெல்லுடலிகளை ஆராய்ந்து பட்டம் பெற்ற பியாஜே, பின்னர் தம் மூன்று குழந்தைகளைக் கவனித்தே அறிவு வளரும் வகையை விளக்கினார். அவர்களுக்கு இல்லாத கூச்சம் நம் இளைஞர்களுக்கு ஏன்? இங்கோ இப்பாடம் பெரும்பாலும் மனையியல் துறையின் மூலையில் முடங்கிக் கிடக்கிறது. பிள்ளையைப் பெறுவதில் தகப்பனுக்குப் பங்குண்டு, அறிவதில் இல்லையோ?

ஆட்சியாளரையும் கேட்கிறோம். 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய திட்டத்திற்கு 'ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம்' என்று பெயர் சூட்டினீர்கள். அங்கன்வாடியில் பிள்ளையின் எடையை அளக்கத் தராசு உண்டு. பேச்சையும் விளையாட்டையும் சிந்தனையையும் அளந்தறியும் கண் வேண்டாமா? அந்தக் கண்ணைத் தருவதல்லவா இந்தப் படிப்பு!

2002ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கோ, அரசு "முயலும்" என்பதோடு நின்றது. மூத்தவனுக்கு உரிமை, இளையவனுக்கு முயற்சி! அந்த முயற்சியாவது அறிவோடு நடக்க வேண்டாமா?

எனவே நாம் கேட்பது இது: இப்பாடம் ஆண்களுக்கும் பரவலாகத் திறக்கட்டும். நல்ல நூல்கள் தமிழில் வரட்டும். அங்கன்வாடி ஊழியர் பணியில் இருந்தபடியே இதைப் படித்துப் பட்டம் பெறவும், அதற்கேற்ற ஊதியமும் உயர்வும் பெறவும் வழி பிறக்கட்டும். பேசத் தெரியாத பிள்ளை ஊர்வலம் வராது, மனுக் கொடுக்காது. அதற்காகப் பேச வேண்டியவர்கள் நாம்தான்!