எழுத்து சோறு போடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"டீச்சர், எனக்கு எழுத்துதான் பிடிச்சிருக்கு. வேலையை விட்டுடட்டுமா?" என்று என்னிடம் படித்தவர்களில் சிலர் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் கேட்பது வேறு: "எழுத்து சோறு போடுமா?"

இருவருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். எழுத்து மட்டும் என்றால் தமிழில் பெரும்பாலோருக்குப் போடாது. எழுத்து, கற்பித்தல், பதிப்பு வேலை என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டால் குடும்பம் நடத்த வழி உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். புத்தகம் 200 ரூபாய், 500 பிரதி விற்கிறது, ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 10,000 ரூபாய். இரண்டு வருட உழைப்புக்கு இதை நம்பி யாரும் வாடகை கட்ட முடியாது.

நம் முன்னோர்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். உ.வே.சா. 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்திக்கொண்டேதான் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். முதுமையில் ஆனந்த விகடனில் தன் வரலாற்றை எழுதினார். கற்பித்தல், பதிப்பு, எழுத்து மூன்றும் ஒரே மனிதரிடம்.

நம்ம ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிறகு தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். முதல் தொகுதி 1954-ல் வந்தது. மொத்தம் பத்துத் தொகுதி. அடுத்து குழந்தைகளுக்கென்றே தனியாக இன்னொரு பத்துத் தொகுதி. இடையில் கவிதை, கதை, கீர்த்தனை எல்லாம் எழுதினார். வகுப்பறையில் நின்ற அனுபவம் குழந்தைகள் களஞ்சியத்துக்கு உதவியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தி. ஜானகிராமனும் பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு வானொலியில் கல்வி ஒலிபரப்புக்குப் போனவர்தான்.

"பல வேலை பார்ப்பவன் ஒன்றிலும் தேற மாட்டான்" என்பார்கள். நாவல் முடிய நாளாகும், அது உண்மை. ஆனால் இந்த மூன்று வேலையும் ஒன்றுக்கொன்று உரம். நான் 33 வருடம் இடைநிலை ஆசிரியர். ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் நாலாம் வகுப்புப் பிள்ளையின் முகத்திலேயே தெரிந்துவிடும். எழுதும்போது அந்த முகத்தை நினைத்தால் வாக்கியம் தானாகச் சுருங்கும். கட்டுரை நோட்டுத் திருத்திய கண்ணுக்கு மெய்ப்பில் ல-ள-ழ பிழையும் விட்டுப்போன ஒற்றும் உடனே படும்.

மெய்ப்புப் பார்ப்பது வேறு, எடிட்டிங் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பத்தி இந்த இடத்தில் வேண்டுமா, சொன்னதையே மூன்றாவது முறை சொல்கிறாரா, இரண்டாம் அத்தியாயத்தில் இறந்த தாத்தா ஏழாம் அத்தியாயத்தில் எப்படிக் காபி குடிக்கிறார் என்று கேட்பது எடிட்டிங். அடுத்தவர் எழுத்தில் இதைப் பார்த்துப் பழகினால் நம் எழுத்திலும் வெட்டத் துணிவு வரும்.

இனி பண விஷயம். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு பதிப்பகத்தார் 18 ஃபாரம், அதாவது 288 பக்கம், மெய்ப்புப் பார்க்கக் கொடுத்தார்கள். முடித்துக் கொடுத்ததும் ஐந்து பிரதி கையில் தந்தார்கள். "வீட்லதானே இருக்கீங்க டீச்சர்" என்றார்கள். எனக்குப் பென்ஷன் வருகிறது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து இதே வேலையைப் பார்க்கும் பெண்ணுக்கு அது இல்லை. நான் சும்மா பார்த்துக் கொடுத்தால் அவளுடைய கூலியும் குறையும். அதனால் இப்போது பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிய பிறகுதான் தாளைத் தொடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். உறவுக்காரர் புத்தகமானாலும் சரி.

வேலையை விட நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மாதா மாதம் வரும் ஒரு வருமானம் நிலைக்கும்வரை விடாதீர்கள். டியூஷனோ, பகுதிநேர வகுப்போ, அதுவும் கற்பித்தல்தான். அரசுப் பணியில் இருப்பவர்கள் நடத்தை விதிகளைப் படித்து, தேவையான இடத்தில் முன் அனுமதி வாங்குங்கள். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒன்று வாங்கி மேசைமேல் வையுங்கள். கூலி, கெடு இரண்டையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் ஒரு மணி நேரம் உங்கள் சொந்த எழுத்துக்கு. அதை எந்தக் கூலிக்கும் விற்காதீர்கள்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை எழுதப் போகிறேன் என்றால் "சோறு போடுமா?" என்று வாயை அடைக்காதீர்கள். "அதோட கூட என்ன செய்யப் போறே கண்ணு?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. பதில் தேடுகிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

இந்த வேலைகளில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். தம்பி தங்கைகளுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்