பிரிக்கெட்டை இஸ்திரிப் பெட்டியில் போட முடியுமா?

ஒவ்வொரு வருஷமும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்ல ஒரு டீமாவது "விவசாயக் கழிவிலிருந்து பிரிக்கெட்"னு தலைப்பு வைக்கும். முதல் ஸ்லைடில் வெட்டிய மரம், கடைசி ஸ்லைடில் பச்சை இலை. நடுவுல கணக்கு மட்டும் இருக்காது.

எனக்கு இதுல கொஞ்சம் சொந்தக் கோபம் உண்டு. எங்க ஊர் ராமநாதபுரம் பக்கம். சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, வைக்கோலும் மண்ணும் போட்டு மூடி நெருப்பு வைக்கிற கரிமூட்டம்தான் எங்க தெருவுல பாதிப் பேருக்குச் சோறு. சித்தப்பா ராத்திரியில ரெண்டு மூணு தடவை எழுந்து போய், மூட்டத்தில் ஓட்டை விழுந்திருக்கான்னு பார்ப்பார். கவனிக்காம விட்டா காற்று புகுந்து உள்ளே இருக்கிறது சாம்பலாகிடும்.

அதுக்காகக் கரிக்கு வக்காலத்து வாங்கவில்லை. மண் மூட்டத்தில் 1 கிலோ கரி எடுக்க சுமார் 5 கிலோ விறகு வேணும். காய்ந்த விறகில் கிலோவுக்கு ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி, கரியில் 7,000. அதாவது 20,000 உள்ளே போய் 7,000 வெளியே வருது. மீதியெல்லாம் வெப்பமும் புகையும். அந்தப் புகையில் கொஞ்சம் சித்தப்பா நெஞ்சுக்குள்ள இருக்கு. இருமல் கேட்டாலே தெரியும்.

கடலைத்தோலையோ மரத்தூளையோ அழுத்திச் செய்யும் பிரிக்கெட்டில் இவ்வளவு நஷ்டம் கிடையாது. சூட்டிலும் அழுத்தத்திலும் லிக்னின் இளகி, அதுவே பசையாகிடும். ஆனா ஈரம் 10 சதவீதம் பக்கம் இறங்கணும். சொதசொதன்னு இருக்கிற தென்னை நார்க்கழிவை டீசல் எரிச்சுக் காயவெச்சா, மிச்சம் பிடிச்சது அங்கேயே போச்சு. (உமி வேற ரகம். எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், பாய்லர் அண்ணன் திட்டுவார்.)

அதனால பாய்லருக்கு பிரிக்கெட் சரி. விறகு லாரி வந்து நிற்கிற நம்ம மெஸ்ஸுக்கும் சரி. இஸ்திரி வண்டிக்கு? அவருக்குப் புகையில்லாத தணல் வேணும். கரியாக்காத பிரிக்கெட் சட்டையெல்லாம் புகை நாத்தம் ஏத்திடும். அங்கே கொட்டாங்குச்சிக் கரி பொருந்தும். இன்னொண்ணும் இருக்கு: மூட்டத்தைப் பிரிச்சதும் அடியில் தங்குற கரித்தூள். அதை மரவள்ளி மாவுக் கஞ்சியில் பிசைந்து உருட்டிக் காயவெச்சா விற்கிற சரக்கு. புதுசா ஒரு மரம்கூட வெட்ட வேண்டாம், சித்தப்பா மாதிரி ஆட்கள் பிழைப்பும் போகாது.

பொங்கல் லீவுக்குப் போறப்ப ஒரு மூட்டத்துக்கு எவ்வளவு தூள் விழுதுன்னு எடை போட்டு வர்றேன். மாவு விகிதம் பார்க்க கெமிக்கல்ல ரெண்டு பேர் வேணும். அச்சு அடிக்க மெக்கானிக்கல்ல யாராவது வர்றீங்களா?