கடல்கோளும் ஈடும்

சமீப வருடங்களில் நம் சிறுபத்திரிகைகளில் கடல் அளவுக்கு மீறிச் சீறுகிறது. அலை எழுந்து குடிசையை விழுங்குகிறது. ஒரு கிழவி மணலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். கடைசி வரியில் நிலா வருகிறது. இவற்றில் நல்ல வரிகள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கருத்துதான் கிடக்கிறது: நடந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. ‘இயற்கைச் சீற்றம்’ என்ற சொல்லைத் தாலுகா அலுவலகம் உபயோகிப்பது புரிகிறது. அதற்குக் கோப்பை மூடியாக வேண்டும். கவிஞனுக்கு எந்தக் கோப்பை மூடும் அவசரம்?

இந்த மனோபாவத்துக்கு வயது அதிகம். கடல் நிலத்தைக் கொண்டதைப் பெருமையாகச் சொல்லித் திரிகிற இனம் நாம். இறையனார் களவியல் உரையை எடுத்துப் பாருங்கள். முதற்சங்கத்தில் பாடிய புலவர்கள் 4449 பேர், சங்கம் இரீஇய பாண்டியர்கள் 89 பேர் என்று கணக்குச் சுத்தமாக இருக்கிறது. கடல் கொண்டபோது வலையோடும் பிள்ளையோடும் மேடு தேடி ஓடியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு இல்லை. அடியார்க்குநல்லார் முழுகிப்போன நாடுகளை 49 என்று எண்ணிச் சொல்கிறார். அந்த நாடுகளில் யார் இருந்தார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. இது புராணமா சரித்திரமா என்ற பழைய சண்டைக்குள் நான் போகவில்லை. புராணமே என்றாலும், ஒரு சமூகம் தன் புராணத்தில் யாரை எண்ணுகிறது, யாரை விடுகிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அதே உரையில் இதைவிட முக்கியமான இடம் ஒன்று இருக்கிறது. இழந்த நாட்டுக்கு ஈடாகப் பாண்டியன் சோழநாட்டு எல்லையில் முத்தூர்க் கூற்றத்தையும் சேரநாட்டுக் குண்டூர்க் கூற்றத்தையும் எடுத்துக்கொண்டான் என்கிறார். கலித்தொகையிலும் இந்தச் செய்தி உண்டு. நஷ்டம் குடிகளுக்கு, ஈடு அரசனுக்கு. முத்தூரிலும் குண்டூரிலும் ஏற்கெனவே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பது பற்றியும் பேச்சில்லை.

இந்தக் கணக்குமுறை இன்னும் மாறவில்லை என்பதுதான் என் வாதம். 2022இல் எகிப்தில் கூடிய பருவநிலை மாநாடு இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு நிதி வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. 2023இல் துபாயில் அது செயலுக்கு வந்தது. நல்லதுதான். இதுவரை காற்றில் கலந்த கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா ஒன்றின் கணக்கில் வருகிறது. கேட்கவேண்டியவர்களிடம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த மேஜையில் உட்காருபவை அரசுகள். இழந்த மனிதனுக்கு அங்கே நாற்காலி கிடையாது. முத்தூர்க் கூற்றமும் குண்டூர்க் கூற்றமும் இப்போது டாலரில் பேசப்படுகின்றன.

நான் வங்கியில் வேலை பார்ப்பவன். அங்கே நஷ்டம் என்றதும் முதல் கேள்வி ‘யார் பெயரில்?’ என்பது. பெயரில்லாத நஷ்டத்தை எந்தப் பேரேட்டிலும் எழுத முடியாது. திசையன்விளையிலிருந்து கிழக்கே போனால் உவரி, கூடுதாழை, அப்பால் பெரியதாழை. கடல் அரிப்பும், தூண்டில் வளைவு வேண்டும் என்ற கோரிக்கையும் இந்தக் கரையில் பழைய செய்திகள். தூண்டில் வளைவு ஓரிடத்தில் மணலைப் பிடித்து நிறுத்தும். அப்படிப் பிடித்த மணல் அடுத்த ஊருக்குப் போகாது, அங்கே கரை அரிக்கும். தன்னைக் காத்துக்கொள்வது பக்கத்து ஊரின் நஷ்டமாகிறது. உலகப் பொறுப்பு என்ற பெரிய பிரச்னையின் முழு வடிவமும் இந்த நாலு மைல் கரையில் இருக்கிறது. இதோடு தாதுமணல் விவகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தக் கரைகளில் மணல் அள்ளுவதை அரசு தடுத்தது 2013இல்தான். எல்லாம் மேற்கின் பாவம் என்று எழுதும் நம் முற்போக்கு நண்பர்கள் இந்த மணலையும் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், நாட்டுரிமை, சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்கு அஞ்சி எல்லை தாண்டியவனைத்தான் அகதி என்கிறது. கடல் யாருடைய மதத்தையும் விசாரிப்பதில்லை. கிரிபாத்தித் தீவைச் சேர்ந்த ஒருவர் நியூசிலாந்தில் தஞ்சம் கேட்டார். 2015இல் திருப்பி அனுப்பப்பட்டார். 2020இல் வெளியான முடிவில் ஐ.நா. மனித உரிமைக் குழு அவர் முறையீட்டை ஏற்கவில்லை. ஆனால் உயிர்வாழும் உரிமைக்கே ஆபத்தான இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது சட்டவிரோதமாகலாம் என்ற கொள்கையை ஒப்புக்கொண்டது. கதவு திறக்கவில்லை, கதவு ஒன்று இருப்பது தெரிந்தது.

நம் கரைக்காரனுக்கு அந்தக் கதவும் உதவாது. உவரியிலிருந்து திசையன்விளைக்கு வருகிறவன் எந்த எல்லையையும் தாண்டுவதில்லை. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கு ஐ.நா. 1998இல் வகுத்த வழிகாட்டு நெறிகள் யாரையும் கட்டுப்படுத்தாதவை. இங்கே அரசு நிலத்தை எடுத்தால் ஈட்டுக்கும் மறுகுடியமர்வுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கடல் எடுத்தால் அப்படி ஒரு சட்டம் இல்லை. கரை அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களை மறுகுடியமர்த்த 1000 கோடி ரூபாய் ஒதுக்கவேண்டும் என்று 2021-26க்கான 15ஆவது நிதிக்குழு சொன்னது. அது ஒதுக்கீடு. ஒதுக்கீடு உரிமை ஆகாது. உரிமை என்றால், தராவிட்டால் கேட்டு வழக்குப் போட முடியவேண்டும்.

சுனாமிக்குப் பிறகு 2005 மார்ச்சில் வந்த 172ஆம் எண் அரசாணையை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவன் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு. அங்கேயே இருக்க விரும்பினால் இருக்கலாம், ஆனால் உதவி கிடையாது. வீடு வேண்டும் என்றால் கரையை விடு. இதன் பெயர் விருப்பத் தேர்வு. மீனவனுக்குக் கரை என்பது வாசல், தொழிற்கூடம், சந்தை எல்லாம். வீட்டைக் கணக்கெடுத்தார்கள்; கரையை யார் கணக்கெடுத்தார்கள்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி இரு கரையும் மீறியது. அப்போதும் நிவாரணம் குடும்ப அட்டைக்கு 6000, பாதிப்புக் குறைந்த இடத்தில் 1000 என்று வந்தது. கொடுத்தது தப்பில்லை. ஆனால் நிவாரணம் வாங்கியவன் கும்பிடவேண்டியிருக்கிறது. உரிமை உள்ளவன் கும்பிடவேண்டியதில்லை.

‘கவிதை என்ன மனுவா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. கவிஞனைக் கோஷம் போடச் சொல்லவில்லை. ஏற்கெனவே போதுமான கோஷம் இருக்கிறது. எழுவாயை ஒளிக்காதே என்று மட்டும்தான் சொல்கிறேன். ‘கடல் கொண்டது’ என்று எழுதினால் வாக்கியத்தில் குற்றவாளி கடல். ‘ஊர் காலியானது’ என்றால் குற்றவாளியே இல்லை. இது இலக்கணப் பிரச்னை; ஆகவே நம் பிரச்னை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரத்துக்குத் தெரிந்திருக்கிறது. திணையை மாறாத நித்தியப் படமாக மாட்டி வைத்திருப்பவர்கள் நாம்தான்.

இன்னொரு சொல்லும் இருக்கிறது: ‘பிழைக்கப் போனான்’. மழை பொய்த்து, பனை ஏற ஆளில்லாமல், தேரிக் காட்டைச் சுற்றிய ஊர்களிலிருந்து சென்னைக்கும் தாராவிக்கும் போனவர்களை நாம் இப்படித்தான் சொல்கிறோம். கடை வைத்து நன்றாக வந்தவர்களைக் காட்டி இதை முயற்சியின் கதையாக்கிவிட்டோம். தோற்றுப்போனவர்கள் கதையில் வருவதில்லை. மெதுவாக நடக்கும் வெளியேற்றத்துக்கு நாம் வைத்த நாகரிகமான பெயர் பிழைப்பு.

பசிபிக்கில் 2019இல் சில சட்ட மாணவர்கள் வேறு மாதிரி ஒரு வாக்கியத்தை எழுதினார்கள்: அரசுகளின் கடமை என்ன, மீறினால் விளைவு என்ன? வனுவாட்டு அரசு அந்தக் கேள்வியை ஏந்தியது, ஐ.நா. பொதுச்சபை 2023இல் சர்வதேச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று, கடமை உண்டு, மீறினால் ஈடும் உண்டு என்று கருத்துச் சொன்னது. அது ஆலோசனைக் கருத்துதான், கட்டளை இல்லை. ஆனாலும் எழுவாய் வெளியே வந்துவிட்டது. மாணவர்கள் அதைச் செய்தார்கள். மொழியே தொழிலாக உள்ள நாம் அலையை வர்ணித்துக்கொண்டிருக்கிறோம்.

கேட்கவேண்டியவை எளியவை. போகாமல் இருக்க உரிமை. போயே ஆகவேண்டும் என்றால் ஊராகச் சேர்ந்து போக உரிமை. போன பிறகும் கரை மேல் உரிமை. கரையூர் ஒன்றின் பெயரை எழுதுகிறவன் இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு எழுதட்டும். நிலாவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.