நல்ல தண்ணீரில் சோதித்த பெட்டி

போன சோளகத்தில், எங்கள் புளியங்கூடலுக்குக் கிட்ட உள்ள ஓர் ஐஸ் தொழிற்சாலையில் மோட்டர் நின்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி பூட்டிப் பதினான்கு மாதம்தான். முன்பக்கச் சாம்பல் பெயின்ற் அப்படியே மினுங்கியது. கதவைத் திறக்க, பிணைச்சல் கையோடு வந்தது. உள்ளே மேல்தகட்டில் வியர்வை மாதிரித் துளித்துளியாகத் தண்ணீர். செப்பு முனைகளில் பச்சைக் களிம்பு. கொன்ராக்டர் சுவிச்சுக்குள் கருகிய பல்லி ஒன்று.

பெட்டியில் ‘ஐபி 65’ என்று ஒட்டியிருந்தது. முதலாளி அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்: “அண்ணை, தண்ணி போகாது எண்டுதானே தந்தவங்கள்?”

தந்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஐஇசி 60529 என்ற நியமத்தில் 6 என்றால் தூசி போகாது. 5 என்றால் பீச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும். 6.3 மில்லிமீற்றர் வாய்க் குழாயால் நிமிடத்துக்கு 12.5 லீற்றர் தண்ணீரை மூன்று நிமிடமாவது அடித்துப் பார்ப்பார்கள். அதுவும் நல்ல தண்ணீர். (எங்களுக்குக் குடிக்கவே அது பவுசரில் வரவேண்டிக் கிடக்கு.) உப்பைப் பற்றியோ கறளைப் பற்றியோ அந்த எண் வாயே திறக்காது.

எங்கள் பகை மழையில்லை. சோளகமும் கச்சானும் கொண்டுவந்து தடவும் உப்புத்தான். காற்றில் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்புத் தானே தண்ணீர் விடும். குசினி உப்புப் போத்தலில் பார்க்கிறதுதான். பகல் வெயிலில் பெட்டி சூடேறி உள்காற்றை வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை இழுக்கும். ஈரமும் உப்பும் அந்த மூச்சோடு உள்ளே போகும். அடியில் தண்ணீர் வடிந்து காற்றுப் போய்வர ஒரு மூச்சு வடிகால் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இந்தப் பெட்டியில் அது இல்லை. பூட்டியவர்களோ மேல்தகட்டில் ஓட்டை போட்டு வயரை இறக்கி, சிலிக்கனைப் பூசியிருந்தார்கள். 65 அந்த நிமிடமே போய்விட்டது. கீழே பாவிக்காத ஓட்டை ஒன்று திறந்தபடி கிடந்தது. பல்லி அந்த வழியால் வந்திருக்கும்.

நான் தொழில் பழகிய கட்டாரில், கடற்கரையில் சும்மா இரும்புப் பெட்டியை வைக்கவே விடமாட்டார்கள். ஒன்றில் பைபர், இல்லையென்றால் 316 ரக எவர்சில்வர். கடையில் மலிவாகக் கிடைப்பது 304. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். 316இல் இரண்டு மூன்று வீதம் மொலிப்டினம் கலந்திருக்கும், உப்புக்கு நின்றுபிடிப்பது அதனால்தான். பைபரிலும் குறை இருக்கு, வெயிலில் மேல்பூச்சு மாவாக உதிரும். மேலே ஒரு சின்னக் கூரை போட்டால் போதும். எங்கள் கடற்தொழிலாளர் பைபர் படகுக்கு மாறி எவ்வளவோ காலம். வெடித்தால் ரெசின் வைத்துத் தாங்களே ஒட்டுகிறார்கள். அதே சாமானில் செய்த பெட்டியை மட்டும் விலை கூட என்கிறோம்.

இது ஓர் ஐஸ் தொழிற்சாலையோடு முடியும் கதையில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான இந்திய நன்கொடைக் கலப்பு மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள்: 1,700 கிலோவாற் சூரியசக்தி, 530 கிலோவாற் காற்று, கூடவே மின்கலங்களும் டீசல் இயந்திரங்களும். இவை ஒவ்வொன்றுக்கும் வெளியே பெட்டிகள் வேண்டும். நெடுந்தீவில் ஒரு பெட்டி பழுதானால் மாற்றுப் பெட்டி குறிகட்டுவானிலிருந்து படகேற வேண்டும். ஆகவே தீவகத்துக்கு எந்த விலைமனு கோரினாலும் ஐபி எண்ணோடு நிற்காமல், பெட்டி எதனால் செய்தது, திருகாணி எந்த ரகம், வயர் கீழ்ப்பக்கத்தால் முறையான கிளாண்ட் போட்டு நுழைகிறதா, கதவு றப்பருக்கு மாற்று இருக்கிறதா என்பதையும் எழுதவேண்டும். இரும்புதான் என்றால், ஐஎஸ்ஓ 12944 கடற்கரைக்குச் சொல்லும் சி5 வகுப்புப் பூச்சையாவது கேட்கட்டும்.

ஐஸ் முதலாளி பைபரின் விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்தார். மூன்று நாள் ஐஸ் இல்லாமல் வள்ளக்காரர் வேறு இடம் தேடிப் போனதை ஞாபகப்படுத்தினேன். வாங்கிவந்தார். பூட்டப் பார்த்தால் திருகாணி எல்லாம் சாதாரண இரும்பு. திருப்பிக் கடைக்கு அனுப்பினேன்.