தெளிந்த நீரெல்லாம் குடிநீர் அல்ல

புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்தே நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் புறப்படுகின்றன. நாற்புறமும் கடல் சூழ்ந்த இப்பகுதியில், குடிநீருக்காகக் குடங்களுடன் பௌசரை எதிர்பார்த்து நிற்பது மக்களின் நெடுங்காலத் துயரம். இதனை வறட்சியின் விளைவென்று மட்டும் கருதிவிட முடியாது. நீரின் இரசாயன இயல்பை உணராது நிலத்தடி நீரைக் கையாண்டதன் விளைவும் இதுவேயாகும்.

குடாநாட்டிலும் தீவுகளிலும் வற்றாத ஆறுகள் இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மீது மெல்லிய படையாக மிதக்கின்றது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருப்பதால் அது நன்னீரிலும் அடர்த்தி கூடியது. இவ்வேறுபாட்டின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். இயந்திரத்தால் இறைத்து அந்த ஓரடியை இழந்தால், காலப்போக்கில் 40 அடியையும் உவர்நீர் பிடித்துக்கொள்ளும். உவரான கிணறு ஒரு மாரியில் மீண்டுவிடுவதில்லை.

காற்றிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிய மழைநீர், மென்மையான அமிலமாகிச் சுண்ணக்கல்லைக் கரைக்கின்றது. கேத்தலில் படியும் வெண்படிவு அதற்குச் சான்று. கரைந்து துளைபட்ட அப்பாறை அழுக்கை வடிகட்டுவதுமில்லை. மலசலகூடக் குழியின் கழிவும் வயலின் உரமும் விரைவாகக் கிணற்றைச் சென்றடைகின்றன. அவற்றிலிருந்து வரும் நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. உலக சுகாதார நிறுவனம் குறித்துள்ள எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதனை மீறிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழக்கக்கூடும். கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும். உப்பும் நைத்திரேற்றும் நீங்கா. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும்.

சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது மக்கள் பட்ட அவலம் நினைவிருக்கலாம். 2019 ஏப்ரலில் தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு ஆறுதலளிக்கலாம், மாசுற்ற நிலத்தடி நீரை அது தூய்மையாக்கிவிடாது.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய முயற்சியே. ஆயினும் உயர் அழுத்தத்தில் நீரை மென்சவ்வினூடாகச் செலுத்தி உப்பைப் பிரிப்பதற்குப் பெருமளவு மின்சாரம் தேவை. எஞ்சும் கடும் உவர்நீரைக் கடலிலேயே விட வேண்டும். இயந்திரம் வந்துவிட்டதென்று கிணற்றைக் கைவிடுவது அறிவுடைமையாகாது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. மழைநீரை ஏந்தி நிற்கும் மண்கும்பான், அல்லைப்பிட்டி மணல் நிலங்களில் மண் அகழ்வதைத் தடுக்க வேண்டும். கேணிகளையும் குளங்களையும் தூர்வார வேண்டும். இயந்திர இறைப்புக்கு வரையறை வேண்டும். பொதுக் கிணறுகளின் உப்பு, நைத்திரேற்று அளவுகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதித்து, மக்கள் அறியப் பிரதேச சபை பலகையில் எழுதிவைக்க வேண்டும்.

நயினாதீவில் அம்மன் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் ஒரே நிலத்தடி நீரின் மீதே நிற்கின்றன. கோயிற் கேணிக்கு ஒரு நீர், பள்ளிவாசலின் ஹவுழுக்கு வேறொரு நீர் என்று நிலம் பிரித்துக் கொடுப்பதில்லை. அடுத்த மாரிக்கு முன்னராவது சம்பந்தப்பட்டோர் விழித்துக்கொள்வார்களா?