28 நாள் சோதனையும் நம் ஓடைத் தண்ணீரும்



நாம் வேலை செய்யும் தோட்டத்து ஸ்டோரில் புதிய களைமருந்து வந்திறங்கியது. மருந்தடிக்கும் பெண்கள் காலைப் பெரட்டில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "பம்பு கழுவிய தண்ணீர் ஓடையில் இறங்குகிறது. அந்த ஓடைத் தண்ணீரைத்தானே கீழ் லயத்துக்காரர்கள் புழங்குகிறார்கள்? இதற்கு என்ன வழி?" மருந்து விற்க வந்தவர் சிரித்துக்கொண்டே விடை சொன்னார்: "பயப்படாதீர்கள் அம்மா. இது எளிதில் மக்கும் பொருள். சோதனையில் தேறியது. தண்ணீரில் விழுந்தால் தானே மக்கிப் போகும்." நிர்வாகமும் தலையை ஆட்டியது. பெண்கள் வாயடைத்து நின்றார்கள். சோதனை என்று சொன்ன பிறகு யார் என்ன பேசுவது?

பேசத்தான் வேண்டும் என்கிறோம் நாம். பேசுவதற்கு முன், அந்தச் சோதனை என்னவென்று தெரிந்துகொள்ளவும் வேண்டும்.

ஓ.இ.சி.டி. என்னும் நாடுகளின் கூட்டு ஸ்தாபனம் 1981-ல் வகுத்து 1992-ல் திருத்திய 301-ஆம் எண் சோதனை அது. அதில் ஆறு முறைகள் உண்டு, சாரம் ஒன்றே. ஒரு பாட்டிலில் உப்புச் சத்துகள் கலந்த தண்ணீர். அதில் சோதிக்க வேண்டிய இரசாயனம் கொஞ்சம். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையம் போன்ற இடங்களிலிருந்து எடுத்த நுண்ணுயிர்கள் கொஞ்சம். அந்த உயிர்களுக்கு வேறு தீனி கிடையாது. இரசாயனத்தைத் தின்றால்தான் பிழைப்பு. தின்னத் தின்ன அவை மூச்சு வாங்கும், பிராணவாயு குறையும். எவ்வளவு குறைந்தது என்று 28 நாள் கணக்கு வைப்பார்கள்.

கிராணிமாருக்கு இது புரியாத கணக்கல்ல. இரசாயனம் முழுவதும் தீர எவ்வளவு பிராணவாயு தேவை என்று முதலில் எழுதிக்கொள்வார்கள். அதில் 100-க்கு 60 பங்கு 28 நாளுக்குள் செலவாக வேண்டும். அதுவும் 10 பங்கைத் தொட்ட நாளிலிருந்து 10 நாளுக்குள் 60-ஐ எட்ட வேண்டும். எட்டினால் தேர்ச்சி. மீதி 40 விஷமாகவே நிற்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். தின்ற உயிர்கள் தம் உடம்பு வளர்க்க எடுத்துக்கொண்ட பங்கும் அதில் உண்டு. இரசாயனம் போடாத பாட்டில் ஒன்று பக்கத்தில் இருக்கும். அதன் செலவைக் கழித்துவிடுவார்கள். மக்கும் என்று முன்பே தெரிந்த பொருள் போட்ட பாட்டிலும் இருக்கும். 14 நாளில் அது தேறாவிட்டால் சோதனையே செல்லாது.

நேர்மையான கணக்கு. அதோடு நமக்குச் சண்டை இல்லை. அந்தக் கணக்கு சொல்லாத ஒன்றை, சொன்னதாகச் சொல்லி நம் வாயை மூடுகிறார்களே, அங்கேதான் சண்டை!

பாட்டிலில் உள்ள தண்ணீர் 28 நாளும் ஓரிடத்தில் இருக்கிறது. நம் ஓடை அப்படி நிற்குமா? காலையில் பம்பு கழுவினால், மத்தியானச் சோறு வேகும்முன் அந்தத் தண்ணீர் கீழ் லயத்தைத் தாண்டிவிடும். நான்கு வாரத்தில் மக்கும் பொருள், நான்கு மணி நேரத்தில் குடத்துக்குள் வந்தால் யார் பொறுப்பு?

இரண்டாவது, அந்தச் சோதனை தனி ஒரு பொருளுக்கென்று வகுத்தது. நம் தலையில் ஏற்றும் டின்னில் இருப்பதோ கலவை. களையைக் கொல்லும் சரக்கு ஒன்று. இலையில் ஒட்டவைக்கும் சோப்புச் சரக்கு இன்னொன்று. தேறியது எது? சோப்பா, விஷமா? விற்க வந்தவர் அதைச் சொல்லவில்லை.

மூன்றாவது, மறைவது வேறு, மக்குவது வேறு. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் என்று ஒரு சோப்புச் சரக்கு ஆலைகளிலும் மருந்துக் கலவைகளிலும் புழங்கியது. தண்ணீரில் அது உருக்குலைந்தது உண்மை. குலைந்து என்ன ஆயிற்று? நோனைல்ஃபீனால் ஆயிற்று. அது மூலப்பொருளைவிட மீனுக்குக் கொடியது, நெடுநாள் நிற்பது. 2003-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆகவே "போய்விடும்" என்று யார் சொன்னாலும், "போய் என்ன ஆகும்?" என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பாட்டிலுக்குள் கை இல்லை, கண் இல்லை, நுரையீரல் இல்லை. பாரகுவாட்டை அதற்குள் மறந்துவிட்டோமா? மண்ணைத் தொட்டதும் செயலற்றுப் போகும் என்றார்கள். களிமண் அதை இறுகப் பற்றிக்கொள்வது மெய்தான். ஆனால் மண்ணைத் தொடுமுன் அது யாரைத் தொட்டது? மருந்தடித்த நம் பெண்களின் தோலைத் தொட்டது, நகத்தைத் தொட்டது, மூக்கைத் தொட்டது! தோட்டப்புறப் பெண்களின் நிலையை 2002-ல் தெனாகானித்தா அறிக்கையாக எழுதி வெளியிட்டது. அதே ஆண்டு சர்க்கார் தடையை அறிவித்தது. 2006-ல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1-ல்தான் முழுத் தடை வந்தது. ஓடைக்கும் மண்ணுக்கும் விடை சொல்லிக்கொண்டே, நம் உடம்பைப் பற்றிய கேள்வியை 18 ஆண்டு கடத்தினார்கள்.

"குளிர் நாட்டுச் சோதனையை நம் நாட்டுக்கு ஏற்ப மாற்றமுடியுமா?" என்று சிலர் கேட்கலாம். ரப்பர் ஆலைக்கு மாற்றினார்களே! கழிவுநீர் எவ்வளவு பிராணவாயுவை இழுக்கிறது என்பதை வெளிநாட்டில் 20 டிகிரியில் 5 நாள் வைத்து அளப்பது வழக்கம். நம் ரப்பர் ஆலைக் கழிவுக்கு 1978-ஆம் ஆண்டு விதிகள் அதை 30 டிகிரியில் 3 நாள் என்று வகுத்தன. நம் தண்ணீரின் சூடு அறிந்து செய்த காரியம் அது. அந்தந்த ஆற்று நீரையே எடுத்து, மிகச் சிறிய அளவு இரசாயனம் கலந்து பார்க்கும் 309-ஆம் எண் சோதனையும் 2004-லிருந்து இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. கேட்பாரில்லை!

இதில் நம் குற்றமும் உண்டு. ஒவ்வொரு மருந்துக்கும் 16 பகுதி கொண்ட பாதுகாப்புத் தாள் வருகிறது. 8-ஆம் பகுதி கையுறையும் முகமூடியும் சொல்கிறது. 11-ஆம் பகுதி உடம்புக்கு என்ன செய்யும் என்கிறது. 12-ஆம் பகுதி தண்ணீரில் மக்குமா என்கிறது. அந்தத் தாள் எங்கே? ஆபீஸ் அலமாரியில், கிராணிமாராகிய நம் கையாலேயே கோப்பில் குத்திப் பூட்டி வைத்திருக்கிறோம். படிக்கத் தெரிந்தவன் படித்துச் சொல்லாவிட்டால், அவன் படித்ததால் யாருக்கு லாபம்?

ஆகவே மூன்று கோரிக்கைகள். ஒன்று, புதிய மருந்து வரும்போதெல்லாம் இந்த மூன்று பகுதிகளையும் பெரட்டில் தமிழிலும் மலாயிலும், வங்கத் தோழர்கள் இருக்கும் தோட்டங்களில் வங்காளத்திலும் படித்துச் சொல்ல வேண்டும். இரண்டு, பம்பு கழுவ ஓடைக்கு எட்டத்தில் தனி இடமும், கை கழுவச் சோப்பும் நல்ல தண்ணீரும் வேண்டும். பம்பு கழுவிய தண்ணீரை மருந்தடித்த காட்டிலேயே அடித்துத் தீர்க்க வேண்டும். மூன்று, "மக்கும்" என்று சொல்பவர் எந்தப் பொருள், எந்தச் சோதனை, எத்தனை நாள், எத்தனை பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

நிர்வாகத்தைத் திவாலாக்கும் கோரிக்கை எதுவும் இதில் இல்லை. அடுத்த கிளைக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அன்று பெரட்டில் வாயடைத்து நின்ற அந்தப் பெண்களையே முன்மொழியச் சொல்லுங்கள். கேள்வி அவர்களுடையது, அதற்கு நேர்மையான விடை கிடைக்கும்வரை நாம் விடப்போவதில்லை!