படமும் ஓர் அமானிதமே!

 

ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. "மௌலவி, கணவரின் உழைப்பு மட்டும் வீட்டுச் செலவுக்குப் போதவில்லை. பாவித்த கெமரா ஒன்றை வாங்கி, எங்கள் ஊர்க் கலியாண வீடுகளில் பெண்கள் பகுதியில் படம் பிடிக்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு கலியாணத்திலேயே எண்ணூறு படம் சேர்ந்துவிடுகிறது. அவற்றை ஒழுங்குபடுத்தவும் திருத்தவும் கொம்பியூட்டரில் எந்த மென்பொருளைப் போடுவது? கடைக்காரத் தம்பி விலைகூடிய ஒன்றைச் சும்மா போட்டுத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

புகைப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ போன்றோர் அதனை அனுமதித்தனர். வேறு பலர் தடுத்தனர். அந்த விவாதம் இங்கு வேண்டாம். சகோதரி ஏற்கனவே தொழிலில் இறங்கிவிட்டார். அந்த எண்ணூறு படங்களுக்கும் அவர் எவ்வாறு பதில் சொல்லப் போகிறார் என்பதே நமது கேள்வி.

சகோதரியே! பெண்கள் மட்டும் இருக்கும் இடம் என்று நம்பித்தான் அவர்கள் தலைத்துணியை நீக்கி உங்கள் கெமராவின் முன் அமர்கிறார்கள். ஒரு பெண்ணின் அலங்காரத்தை யார் யார் பார்க்கலாம் என்று சூரத்துந் நூரின் 31ஆம் வசனம் எண்ணிச் சொல்கிறது. ஆகவே, மென்பொருளைத் தெரிவுசெய்யும்போது "இது படத்தை எவ்வளவு அழகாக்கும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "இது படத்தை எங்கே வைத்திருக்கும்?" என்று கேளுங்கள்.

சில மென்பொருள்கள் படங்களை உங்கள் கணினியிலேயே வைத்திருக்கும். சில, இணையம் வழியாக நிறுவனத்தின் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடும். பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். எடோபி நிறுவனம் 2017இல் தன் லைட்ரூமை இரண்டாகப் பிரித்தது. 'லைட்ரூம் கிளாசிக்' நம் கணினியில் உள்ள படங்களைக் கையாள்வது. வெறும் 'லைட்ரூம்' என்பது முக்கியமாக இணையக் களஞ்சியத்தை நம்பியது. கூகுள் போட்டோஸும் அவ்வாறே. நிறுவனங்கள் திருடும் என்று நான் சொல்லவில்லை. ஆபத்து நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மணமகளுக்கு அனுப்புவதற்காக நாலு படத்தை உங்கள் போனுக்கு மாற்றுகிறீர்கள். அது தானாகவே கணக்கில் ஏறிவிடுகிறது. அதே கணக்கு கணவரின் போனிலும் மகனின் டெப்பிலும் திறந்திருக்கிறது! அந்நியப் பெண்ணின் படம் அங்கே வந்து நிற்கிறது. யாரும் கெட்ட எண்ணம் கொள்ளவில்லை. ஆனால் அமானிதம் பாழாகிவிட்டது.

அடுத்தது ஒழுங்கு. திருத்தக் கற்பதற்கு முன் அடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கலியாணத் திகதியையும் வீட்டாரையும் குறித்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை வையுங்கள். இதற்கு 'டிஜிகேம்' என்ற இலவச மென்பொருள் நல்லது. அது உங்கள் கணினியிலேயே இயங்கும். அமைப்பில் தெரிவுசெய்துவிட்டால், நீங்கள் இடும் குறிச்சொற்களைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடும். நாளை வேறு மென்பொருளுக்கு மாறினாலும் அக்குறிப்புகள் படத்தோடு வரும். கூகுளின் 'பிகாஸா' நினைவிருக்கிறதா? எத்தனையோ வீடுகளில் இருந்தது. 2016இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. அதற்குள் மட்டுமே அல்பங்களை அமைத்திருந்தவர்கள் மறுபடி முதலிலிருந்து அடுக்க வேண்டியதாயிற்று.

இனித் திருத்தம். நம் மதரஸாக்களில் ஓதும் பழைய கிதாபுகளைப் பார்த்திருப்பீர்கள். நடுவே மத்ன் எனும் மூலம். ஓரத்தில் ஹாஷியா எனும் குறிப்புரை. எத்தனை பேர் குறிப்பு எழுதினாலும் மூலத்தில் ஓரெழுத்தையும் மாற்றமாட்டார்கள். நல்ல மென்பொருளும் அப்படித்தான். மூலப்படத்தைத் தொடாது, "வெளிச்சத்தைக் கூட்டு, ஓரத்தை வெட்டு" என்ற குறிப்பை மட்டும் தனியே எழுதி வைக்கும். லைட்ரூம் கிளாசிக் அக்குறிப்புகளைத் தன் பதிவேட்டில் வைக்கிறது. 'டார்க்டேபிள்' என்ற இலவச மென்பொருள் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பாகவும் எழுதுகிறது. இதை அறியாத காலத்தில் நானும் எங்கள் மதரஸா விழாப் படங்களைச் சிறிதாக்கி, பழைய பெயரிலேயே சேமித்துவிட்டேன். பின்னர் பெரிதாக அச்சிடக் கேட்டபோது மூலம் இருக்கவில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

கடைக்காரத் தம்பி சும்மா தருவது களவுப் பிரதி. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, ஆக்கியோனின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறுவது கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் மென்பொருளைப் பாதுகாக்கிறது. போதாததற்கு, பூட்டுடைத்த பிரதிகளோடு வைரஸும் சேர்ந்து வரலாம். ஹலாலான உழைப்பைத் தேடிப் புறப்பட்ட நீங்கள் அதன் முதற்படியையே களவில் வைக்கலாமா?

சந்தா கட்டி வாங்குவது தவறல்ல. ஆனால் கட்டணம் டொலரில். 2022இல் சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை டொலர் ஏறியதை நாம் கண்டோம். சந்தா நின்றால், லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி மூடப்பட்டுவிடும். வருமானம் நிலைபெறும்வரை, ஆக்கியோரே மனமுவந்து இலவசமாகத் தந்தவை உங்களுக்குப் போதும்.

ஓர் எச்சரிக்கை. மங்கலான படத்தைத் தெளிவாக்குவது தொழில். கலியாணம் பேசி வருவோருக்குக் காட்டவென்று ஒரு குமர்ப்பிள்ளையின் நிறத்தையும் முகத்தையும் மாற்றிக் கொடுப்பது மோசடி. அதன் வேதனையை அனுபவிக்கப் போவதும் அந்தப் பிள்ளைதான்.

இறுதியாக, சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளக் கற்பிக்கிறது. அந்த ஒழுங்கை இங்கும் கடைப்பிடியுங்கள். படங்களை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், யாரிடம் ஒப்படைப்பீர்கள், விளம்பரத்துக்குப் பாவிப்பீர்களா என்பதை வீட்டாரோடு எழுதிக்கொள்ளுங்கள். அதுவரை இரண்டு பிரதிகள் இருக்கட்டும்: ஒன்று கணினியில், மற்றது அலுமாரியில் பூட்டிய ஹார்ட் டிஸ்கில். தவணை முடிந்து ஒப்படைத்ததும் இரண்டையும் அழியுங்கள். கெமராவின் மெமரி சிப்பையும், கணினியின் குப்பைக் கூடையையும் மறந்துவிடாதீர்கள். அமானிதங்களை உரியவரிடம் சேர்க்குமாறு சூரத்துந் நிஸாவின் 58ஆம் வசனம் ஏவுவது பணத்துக்கும் நகைக்கும் மட்டுமல்ல.

ஆகவே சகோதரியே, முதல் இரண்டு மூன்று கலியாணங்களுக்கு டிஜிகேமை மட்டும் பழகுங்கள். வெளிச்சம், நிறம், வெட்டுதல் போன்ற சாதாரணத் திருத்தங்களை அதிலேயே செய்யலாம். கை பழகியதும் டார்க்டேபிளுக்குப் போகலாம், இன்ஷா அல்லாஹ். "அவவிடம் படம் கொடுத்தால் பயமில்லை" என்று ஊர்ப் பெண்கள் சொல்வார்களானால், அதைவிடப் பெரிய விளம்பரம் உங்களுக்கு வேண்டியதில்லை.

அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.